கேட்டால்தான் தீட்டு

அண்ணன் மாடக்கண்ணுவின் காது மடலுக்குள் புகுந்திருந்த மணலை முப்பிடாதி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது, தம்பி நல்லக்கண்ணு வந்து சேர்ந்தான். தலையில் புது மொட்டை. அப்பிய சந்தனம் இன்னும் உதிரவில்லை. பின்னால் பாதயாத்திரைக் கூட்டம். புன்னைக்காயல் பக்கத்துச் சுடுகாட்டில் விறகு அடுக்கியாகிவிட்டது. கொள்ளி வைக்கத்தான் ஆளில்லை. மாடக்கண்ணுவுக்குப் பெண்டாட்டியும் கிடையாது, பிள்ளையும் கிடையாது.

கயத்தாற்றிலிருந்து திருச்செந்தூருக்கு வருஷா வருஷம் ரோட்டோடுதான் நடப்பார்கள். நிழல் உண்டு, தண்ணீர்ப்பந்தல் உண்டு. இந்த வருஷம் கூட்டத்துக்குக் குருசாமியான நல்லக்கண்ணுவுக்கு ரோடு சலித்துவிட்டது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்திருக்கிறார்களாம். கப்பலைப் பார்த்துவிட்டு உப்பளம், கழிமுகம் என்று கடலோரமாகவே போகலாமாம். முருகனுக்கு நேர்ந்துகொண்டவனுக்குக் கப்பலில் என்ன வேலை என்று முப்பிடாதி கேட்டாள். கரிசக்காட்டுக்காரிக்கு அழகு தெரியுமா என்று கூட்டம் சிரித்தது.

அழகுதான். மணல் காலை உள்ளே இழுத்தது. இன்று விடிந்ததும் வள்ளத்தில் ஆற்றைத் தாண்டி இறங்கிய கொஞ்ச நேரத்தில் மாடக்கண்ணு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்லக்கண்ணு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். உச்சிக்காலப் பூசைக்குப் போய்ச் சேரணும், அண்ணன் இளைப்பாறிவிட்டு வரட்டும் என்று நடையைக் கட்டினான்.

“அவன நிக்கச் சொல்லுளா,” என்றார் மாடக்கண்ணு. முப்பிடாதி கூப்பிட்டாள். கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போனது. கண் மறைகிற தூரம் அவர்கள் போவதற்குள் அவர் மூச்சு நின்றுவிட்டது.

வள்ளம் தள்ளிய சந்தியாகுதான் பாவம், சைக்கிளை மிதித்துத் திருச்செந்தூர் போனார். முடி இறக்கிக்கொண்டிருந்த நல்லக்கண்ணு அவரைக் கண்டதும் கையமர்த்தினானாம். “எதுவானாலும் சொல்லாதேயும். சாமியப் பாத்துட்டு வந்து கேட்டுக்கிடுதேன்,” என்றானாம். சந்தியாகுவுக்கு அது விளங்கவில்லை. முப்பிடாதிக்கு விளங்கியது. சாவு காதில் விழுந்தால் உடன்பிறந்தவனுக்குத் தீட்டு. மாலையைக் கழற்றிவிட்டுக் கோயில் வாசலோடு திரும்ப வேண்டும். விழாதவரைக்கும் தீட்டில்லை. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று அவள் காறித் துப்பினாள்.

இப்போது இலைவிபூதியை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அண்ணன் நெற்றியில் பூசச் சொன்னான். அவள் கை நீட்டவில்லை. கொள்ளி வைக்கிறவன் எப்படியும் மொட்டை போடணும், அதுவும் முடிந்துவிட்டது, முருகன் எல்லாம் பார்த்துத்தான் செய்திருக்கிறான் என்று அவன் தலையைத் தடவிக்கொண்டான். கூட்டத்தில் இரண்டு பேர் ஆமா போட்டார்கள். முப்பிடாதிக்கு இவனைச் சின்னதில் இடுப்பில் சுமந்ததை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

கூடப்பிறந்தவனுக்குக் கொள்ளி வைக்காமல் ஊரில் தலைகாட்ட முடியாது என்பது நல்லக்கண்ணுவுக்குத் தெரியும்.

“கொள்ளிக்கொடத்த எடுக்கா,” என்றான்.

“எதுக்குலே?”

“அண்ணனுக்குத்தாங்க்கா.”

“அண்ணனுக்கு என்ன?”

அவன் அண்ணனைக் கைகாட்டினான்.

“ஒங்கிட்ட யாரும் எதும் சொன்னாவளா? நானும் சொல்ல மாட்டேன். கேக்காம சாமி கும்பிட்டெல்லா, கேக்காமலே ஊருக்குப் போ.”

நல்லக்கண்ணு சந்தியாகுவைப் பார்த்தான்.

“நான் சொல்லத்தான் வந்தேன். நீருதான் வேண்டாம்னுட்டீரு,” என்றார் சந்தியாகு.

கூட்டத்தைப் பார்த்தான். இவ்வளவு நேரம் ஆமா போட்டவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

முப்பிடாதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தைத் தன் தோளில் ஏற்றினாள். பொம்பளையா என்று யாரோ முனகினார்கள். வெட்டியான் கொஞ்சம் தயங்கினான். பிறகு பின்னால் வந்து குடத்தில் கொத்தினான். தண்ணீர் அவள் முதுகை நனைத்துக்கொண்டு மணலில் இறங்கியது. அவள் முதல் சுற்றை நடக்கத் தொடங்கினாள்.