வாசலில் நின்ற வண்டி

ஈரப் பஞ்சை அப்பாவின் உதடுகளில் ஒற்றிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் சங்கிலி உரசும் சத்தம் கேட்டது. வெர்னீட்டாவுக்கு முன்பே அப்பாவின் கண்கள் ஜன்னல் பக்கம் திரும்பின. இரண்டு நாளாக எதற்கும் அசையாத கண்கள் அவை.

ஜன்னலுக்கு வெளியே தம்பி ராய்ஸின் பச்சை நிற பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஒரு முழம் மேலே உயர்ந்து நின்றது.

அவள் பஞ்சைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். வீட்டுச் செருப்பில் ஒன்று சமையலறையிலேயே கழன்று விழுந்தது. இழுவை வண்டியின் விசையருகில் குனிந்து நின்ற மனிதன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பிக்கப்பின் கதவைத் திறந்து ஏறி, உள்ளிருந்து பூட்டிக்கொண்டாள்.

அந்த மனிதன் கண்ணாடியருகே வந்து நின்றான். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் சிவந்த கழுத்து. சட்டைப் பையின் மேல் டூயி என்று பெயர் தைத்திருந்தது.

"மேடம், கொஞ்சம் இறங்குறீங்களா?"

"மாட்டேன்."

அவன் பெருமூச்சு விட்டான். ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியை இழுத்துப் போகக் கூடாது என்பது அவன் தொழிலின் முதல் விதி. அது அவளுக்கும் தெரியும். படைமுகாமைச் சுற்றிப் பிழைக்கும் அந்த ஜார்ஜியா ஊரில் அது தெரியாத வீடு கிடையாது. அவன் போய் விசையைத் தளர்த்தினான். பிக்கப் மெல்லத் தரையிறங்கியது. கொக்கிகளை மட்டும் அவன் கழற்றவில்லை.

"எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க?"

"எங்க சர்ச்சுல பிரசங்கம் மூணு மணி நேரம் போகும். உக்கார எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வேலைல வண்டிக்குள்ள நாயப் பாத்திருக்கேன், மாமியாரப் பாத்திருக்கேன், ஒருதடவ ஆட்டக்கூடப் பாத்திருக்கேன். எல்லாரும் பசிச்சா இறங்கிருவாங்க." சொல்லிவிட்டு பீக்கன் மரத்து நிழலில் போய்க் குந்திக்கொண்டான்.

வீட்டுக்குள் ஒருவர் சாகக் கிடக்கிறார் என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. இரக்கம் கேட்டு வாங்குவது அந்த வீட்டில் வழக்கமில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பட்டாளத்தில் சேரப் போகும் நாளன்று, தம்பி ராய்ஸ் இந்த வண்டியின் சாவியை அப்பாவிடம் கொடுத்தான். ஓட்டுங்கள், மாதத் தவணைக்கு நான் பணம் அனுப்புகிறேன் என்றான். நீ திரும்பி வரும்போது இது இதே இடத்தில் நிற்கும் என்றார் அப்பா. அப்பா ஆம்ப்ரோஸ் டாலிவர் அதிகம் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. கொடுத்தால் அது அவருக்குச் சுமை. தபாலை நம்பாமல், மாதம் பிறந்ததும் தொப்பி வைத்துக்கொண்டு கடன் நிறுவனத்தின் கவுன்ட்டருக்கே போய்க் கட்டி, முத்திரை குத்திய ரசீது கையில் வந்த பிறகுதான் நகருவார்.

பிறகு கணையத்தில் புற்று என்றார்கள். மூன்று மாதங்களாக அவரால் படியிறங்க முடியவில்லை. கட்ட முடியாததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வந்த கடிதங்களைப் பிரிக்காமல் ஷூ பாலிஷ் வைக்கும் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். வெர்னீட்டா சென்ற வாரம்தான் கண்டுபிடித்தாள். கடன் நிறுவனத்துக்குப் போன் செய்தபோது, வண்டியை எடுக்க உத்தரவு போய்விட்டது, இனி எங்கள் கையில் இல்லை என்றார்கள்.

கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னதே அப்பாதான். வண்டியின் பின்பக்கம் தெரிய வேண்டும் அவருக்கு. நினைவு வரும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்வி: வண்டி நிற்கிறதா? அது அவர் கண்முன்னால் இழுபட்டுப் போனால், அவர் இந்த உலகத்தில் கடைசியாகக் காண்பது அதுவாகத்தான் இருக்கும். அதை அவள் அனுமதிக்கப் போவதில்லை.

ஏப்ரன் பையில் போன் இருந்தது. ராய்ஸைக் கூப்பிட முடியாது. செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத் தந்தையின் நிலை அவன் அதிகாரிக்குத் தெரிந்து, விடுப்புக் கிடைத்து, குவைத்திலிருந்து கிளம்பிவிட்டான். இப்போது ஏதோ ஒரு கடலுக்கு மேல் பறந்துகொண்டிருப்பான். ஆனால் பட்டாளத்துக்குப் போகும் முன்பே அவளது போனில் ஒரு எண்ணைப் பதிந்துவிட்டுப் போயிருந்தான். எதாவது கோளாறு வந்தா இங்க பேசுக்கா என்று.

படைமுகாமின் சட்ட உதவி அலுவலகம். எடுத்தவர் கேப்டன் ஓர்டிஸ் என்றார். இளம் பெண்குரல். பாதி சொல்வதற்குள் புரிந்துகொண்டார்.

"உங்க தம்பி சேர்றதுக்கு முன்னாடியே கடன் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"போட்டுட்டான்."

"சேர்றதுக்கு முன்னாடி ஒரு தவணையாவது கட்டியிருந்தாரா?"

"கட்டியிருப்பான்னுதான் நினைக்கிறேன்."

"நினைச்சாப் போதாதுங்க, காகிதம் வேணும். அது இருந்தா, அவர் பணியில இருக்கற வரைக்கும் கோர்ட் உத்தரவு இல்லாம யாரும் அந்த வண்டியைத் தொடக் கூடாது. சட்டம் அது. கடன் தீந்துராது, கட்டித்தான் ஆகணும்."

"கட்டுவோம்," என்றாள் வெர்னீட்டா. "ஏமாத்துற வீடு இல்ல இது."

காகிதத்துக்கு எங்கே போவது? வீட்டுக்குள் தேட வேண்டும் என்றால் இறங்க வேண்டும். ஆண்டவரே என்று அவள் முன்னால் சாய்ந்தபோது முழங்கால் டேஷ்போர்டில் இடித்து, அதன் சிறு அறை திறந்துகொண்டது. உள்ளே ரப்பர் பட்டை போட்ட ஒரு கட்டு. அப்பாவின் ரசீதுகள், தேதி வாரியாக. அடியில் ராய்ஸின் கையெழுத்தோடு கடன் பத்திரத்தின் நகல். கட்டின் முதல் ரசீது மார்ச் நான்காம் தேதி. ராய்ஸ் படையில் சேர்ந்தது ஆகஸ்ட் பத்தொன்பது. ராய்ஸ் கொடுத்த பணத்தை அப்போதும் அப்பாவேதான் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்; அந்த ஆறு மாத ரசீதிலும் ஊதா முத்திரை, கோணாமல், நேராக. கோணலாகக் குத்தினால் அப்பா இன்னொரு தரம் குத்தச் சொல்வார் என்று அந்தக் கவுன்ட்டர் பெண் ஒருமுறை சர்ச்சில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

படம் எடுத்து அனுப்பினாள். சில நிமிடங்களில் கேப்டன் திரும்ப அழைத்தார். மாதாமாதம் வந்து நின்றவர் அப்பா என்பதால் வண்டியே அவருடையது என்று நினைத்து, கடன் நிறுவனத்தார் அவர் பெயரைத்தான் படைப் பட்டியலில் தேடியிருக்கிறார்கள் என்றார். எழுபத்து நான்கு வயதுக் கிழவர் எந்தப் பட்டியலில் இருப்பார்?

"அவங்க வக்கீல்கிட்ட பேசிட்டிருக்கேன். அரை மணி நேரம் குடுங்க. அதுவரைக்கும் இறங்கிராதீங்க."

"இறங்க மாட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, வீட்டு ஜன்னலின் கண்ணாடி மேலே ஏறியது. தினமும் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் கிளெண்டா தலையை நீட்டினார். அவர் ஒருபோதும் குரலை உயர்த்தாதவர்.

"வெர்னீட்டா, மூச்சு மாறிருச்சு கண்ணு. வர்றதுன்னா இப்ப வா."

வெர்னீட்டாவின் கை கதவுப் பிடிக்குப் போனது. அங்கேயே நின்றது. இறங்கினால் வண்டி போகும். இறங்காவிட்டால் அப்பா போவார், அவள் இல்லாமல். இருபது அடி தூரத்தில் ஜன்னல் விளிம்பில் அவரது கை தெரிந்தது. அந்த ஈரப் பஞ்சு இன்னும் அவள் மடியில் கிடந்தது.

நிழலிலிருந்து டூயி எழுந்து வந்தான். ஜன்னலைப் பார்த்தான். அந்தக் கையையும் பார்த்தான்.

"யாரு?"

"அப்பா."

அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு இழுவை வண்டிக்குப் போய், எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு வந்து, கண்ணாடியின் சிறு இடைவெளி வழியாக நீட்டினான்.

"இந்தாங்க. இது இல்லாம நானே இந்த இடத்த விட்டு நகர முடியாது. போங்க. நீங்க வர்ற வரைக்கும் ஒரு திருகாணியக்கூடத் தொட மாட்டேன்."

அவனிடம் இன்னொரு சாவி இருக்கலாம். அந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. இருந்தாலும் இருக்கட்டும். மனிதர்களில் கெட்டவர்களைவிட அவசரத்தில் இருப்பவர்களே அதிகம். இந்த மனிதன் தன் அவசரத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டான். அவள் இறங்கி, ஒற்றைச் செருப்போடு நடந்தாள்.

அப்பாவின் மூச்சு, மேட்டில் ஏறும் பழைய வண்டிபோல் நின்று நின்று வந்தது. வெர்னீட்டா முழந்தாளிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பக்கம் திரும்பாமலே, காற்றளவு குரலில் கேட்டார்.

"நிக்குதா?"

"நிக்குதுப்பா. அதே இடத்துல நிக்குது. தம்பி வந்துட்டிருக்கான்."

அவர் இமைகள் தாழ்ந்தன. கிளெண்டா மெதுவாக பைபிளின் சங்கீதங்களைச் சொல்ல ஆரம்பித்தார். வெர்னீட்டா கூடச் சொன்னாள். மூன்றாவது சங்கீதத்தின் நடுவில் எங்கோ, அப்பா மேட்டைத் தாண்டிவிட்டார். அவர்கள் அந்தச் சங்கீதத்தை முடித்த பிறகே கிளெண்டா கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு பத்து.

வெர்னீட்டா அவர் முகத்தைத் துடைத்தாள். நெற்றியில் முத்தமிட்டாள். போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை நேராக்கினாள். தன் இடது கையை விரித்தபோது உள்ளங்கையில் சாவியின் பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

முற்றத்தில் பிக்கப் நின்றது. அதன் சக்கரங்களில் கொக்கிகள் இல்லை. சங்கிலி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. டூயி வீட்டின் பின்படியில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவளது இன்னொரு செருப்பு. சமையலறைக் கதவுப் பக்கம் கிடந்ததை யார் எடுத்து வைத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை.

அவன் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. வண்டிய விட்டுட்டு வந்துருன்னாங்க."

"எப்ப?"

"இருபது நிமிஷம் இருக்கும்."

"கதவத் தட்டியிருக்கலாமே."

"சாவி உங்ககிட்ட இருந்துச்சே," என்றான் அவன், தரையைப் பார்த்து. "அவசரமில்லன்னு உக்காந்துட்டேன்."

அவள் சாவியைக் கொடுத்தாள். கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், சர்ச் பெண்கள் காலையில் கொண்டுவந்த கோழி வறுவலில் நான்கு துண்டைத் தாளில் சுற்றி எடுத்து வந்தாள். அவன் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தான். பசித்தால் எல்லோரும் இறங்கிவிடுவார்கள் என்று சொன்னது நீதானே என்றாள் அவள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ராய்ஸ் மறுநாள் மதியம் வந்தான். வாசலில் நின்றிருந்த வண்டியின் பின்கதவில் கையை வைத்து வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தான். நடந்ததை வெர்னீட்டா சுருக்கமாகச் சொன்னாள். நின்றுபோன தவணைகளுக்கு ஒரு ஏற்பாடு செய்ய கேப்டன் ஓர்டிஸ் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் என்றாள். அவன் தலையாட்டினான். ரசீதுக் கட்டை எடுத்து, ரப்பர் பட்டையைக் கழற்றாமல், சீருடையின் உள்பையில் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை அடக்கம். அமரர் ஊர்திக்குப் பின்னால் முதல் வண்டியாகப் பச்சைப் பிக்கப், பகலிலும் விளக்கெரிய, போனது. ராய்ஸ் ஓட்டினான். வெர்னீட்டா பக்கத்தில் இருந்தாள். கல்லறைத் தோட்டம் வரை ஐந்து மைல். எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றாகச் சாலையோரம் ஒதுங்கி நின்றன. அந்தப் பக்கத்தில் சவ ஊர்வலத்துக்கு யாரும் அப்படித்தான் நிற்பார்கள், தெரிந்தவரோ தெரியாதவரோ. அப்பா இருந்தவரை எந்த ஊர்வலத்துக்கும் ஒதுங்காமல் போனதில்லை. அதனால் ராய்ஸ் நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி நன்றி சொல்லிக்கொண்டே போனான்.

பருத்தி வயலைத் தாண்டிய வளைவில் ஒரு இழுவை வண்டி புல்லில் இறங்கி நின்றது. கொக்கி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் கீழே இறங்கி, தொப்பியை மார்போடு வைத்து, தலை குனிந்து நின்றான்.

அந்தத் தொப்பியை வெர்னீட்டாவுக்குத் தெரியும், ராய்ஸுக்குத் தெரியாது. ராய்ஸ், மற்றவர்களுக்குப் போலவே, அவனுக்கும் ஒரு விரலை உயர்த்தினான்.