எட்டா, இருபத்தெட்டா?

1
இந்தக் கதை என்னுடையதல்ல. மாடிவீட்டுக் கணக்காளர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னது. அவர் சொன்னதை எழுதுகிறேன் என்றதும், “கணக்கைத் தப்பா எழுதிடாதீங்க சார்” என்றார். மனிதர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நீராவி மேகமாய்த் தவழ்ந்த அந்தக் கூடத்தில்...’

வேண்டாம். மேகத்தில் யாருக்கும் கை வேகாது.

2
அது மருத்துவமனை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் சலவைக்கூடம். முதலாளி கணக்காளரின் மச்சான்; கூடத்தின் கணக்கை எழுதுவதும் இவர்தான். தேய்ப்பறையைப் பார்த்துக்கொள்பவர் முதலாளியின் தங்கை, அதாவது கணக்காளரின் மனைவி. போன கோடையில் அங்கே ஒரு பெண் புழுக்கம் தாங்காமல் மயங்கி, துணி தேய்க்கும் சூடான உருளைமேல் கையை ஊன்றிவிட்டாள். அறைக்குக் காற்றோட்டக் கருவி வேண்டும் என்று தங்கை கேட்டார். விலை பத்து லட்சம்.

அண்ணனுக்கு ஒரே சட்டம். எதை வாங்கினாலும், வருடச் சராசரி இலாபம் சராசரி முதலீட்டில் இருபது சதவீதமாவது இருக்க வேண்டும்.

(கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம் என்று எழுதி, அடித்துவிட்டேன். கதையே அங்குதான் இருக்கிறது.)

கருவி வந்தால் துணி கருகுவதும் ஆட்கள் வேலையை விட்டு நின்றுபோவதும் குறையும். வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் மிச்சம். ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால், விலையை வருடங்களுக்குப் பங்கிட்டுக் கழிக்கும் தேய்மானம் வருடத்துக்கு இரண்டு லட்சம். மிஞ்சும் இலாபம் நாற்பதாயிரம். சராசரி முதலீடு, விலையில் பாதி, ஐந்து லட்சம். ஆக, எட்டு சதவீதம்.

“எட்டா? தங்கச்சி கேக்குறாங்கிறதுக்காகச் சட்டத்தை வளைக்க முடியாது மாப்ளே.”

“பத்து வருஷம் உழைக்கும்னு வச்சா தேய்மானம் பாதியாயிடும், இருபத்தெட்டு வருது மச்சான்.”

“அதே மெஷினுக்கா?”

“அதே மெஷினுக்குத்தான்.”

“ரெண்டுல எது நெஜம்?”

“எத்தனை வருஷம் ஓடும்னு வித்தவனுக்கே தெரியாது. எனக்கென்னவோ அஞ்சுன்னுதான் தோணுது.”

கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கை தட்டை நகர்த்தினார். “அந்தப் பொண்ணோட கை எந்த வரியில வருதுங்க?”

“எந்த வரியிலயும் வரல” என்றார் கணவர்.

3
முதல் வரைவில் அண்ணனைக் கஞ்சனாக்கியிருந்தேன். கணக்காளர் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டார். “வைத்தியச் செலவு முழுக்க அவர் கொடுத்தது சார். முன்னாடி ஆசைப்பட்டு வாங்கின மெஷின் ஒண்ணு கூடத்தையே மூடவைக்கப் பார்த்துச்சு. அதுலேர்ந்து இருபதைக் கெட்டியா பிடிச்சுட்டிருக்காரு.” கஞ்சனை அடித்துவிட்டேன். கதை கொஞ்சம் கடினமாகிவிட்டது.

4
மறுநாள் அண்ணன் தேய்ப்பறைக்குள் போய், அந்தப் பெண் நின்ற இடத்தில் நின்று விரிப்புகளை உருளைக்குள் விட்டார். மதியம் வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

“எட்டுன்னே எழுதுங்க மாப்ளே. வாங்கிடுவோம்.”

கருவி வந்தது. கை ஆறி அந்தப் பெண்ணும் திரும்பி வந்தாள். இங்கேயே முடித்திருக்கலாம்.

ஆனால் அண்ணன் சம்மதித்த அன்று வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாராம்: “இருபத்தெட்டுன்னு மட்டும் சொல்லியிருந்தா அண்ணன் அப்பவே சரின்னிருப்பாரு. அவர் உள்ள போகாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? எட்டை எதுக்குங்க சொன்னீங்க?”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கணக்காளரைக் கேட்டேன்.

“நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

மூன்று பதில்கள் எழுதினேன். மூன்றுமே என்னை நல்லவனாகக் காட்டின, அடித்துவிட்டேன். அந்த அம்மா இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.