முப்பத்தேழு இடையூறுகள்

புதிய மடிக்கணினி வீட்டுக்கு வந்து மூன்று நாளாகியும் அதில் ஒரு குறைகூட அகப்படாததால் கணினியார் சற்று எரிச்சலாக இருந்தார். கணினியார் என்பது வாசகர்கள் வைத்த பெயர். ஒரு வார இதழில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணினிகளுக்கும் மென்பொருள்களுக்கும் மதிப்புரை எழுதி வருபவருக்கு அது நிலைத்துவிட்டது. இயற்பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோனது. மடிக்கணினியின் மூடி ஒற்றை விரலுக்குத் திறந்தது. விசைகள் ஆழம் குறைந்தவைதாம், ஆனாலும் விரலை ஏமாற்றவில்லை. உள்ளே விசிறி கிடையாது. சூடும் இல்லை, சத்தமும் இல்லை. மடியில் வைத்தால் வெறும் தட்டை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருப்பது போலிருந்தது. இதையே ஒரு குறையாக எழுதலாமா என்று யோசித்தார். நேர்மை இடங்கொடுக்கவில்லை. நல்ல வன்பொருள் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளக் கூடாது, நல்ல மென்பொருள் கேட்டால் மட்டுமே பேச வேண்டும் என்று பலமுறை எழுதியவர் அவர். இந்த மென்பொருள் கேட்பதற்கு முன்பே உதவிக்கு வந்து நின்றது. அப்படிப்பட்டவர்களிடம் மனிதர்களிலும் அவருக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் இது உதவியைச் சரியாகவே செய்தது.

எல்லாக் கணினிகளுக்கும் அவரிடம் ஒரே தேர்வுத்தாள்தான். ‘சோதனை’ என்ற கோப்புறை: நானூறு பக்க ஆவணம் ஒன்று, பத்தாயிரம் வரிகள் கொண்ட அட்டவணை ஒன்று, இலை அடர்ந்த மரத்தின் படம் ஒன்று, கடைசியாக ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஓடும் ஒலிப்பதிவு ஒன்று. முதல் மூன்றும் வேகத்துக்கு, நான்காவது ஒலிபெருக்கிக்கு. முதன்முதலாக வாங்கிய மேசைக் கணினியில் ஒலிவாங்கி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, மணமாகி ஏழு மாதமே ஆகியிருந்த மனைவியை உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தை வாசிக்கச் சொல்லிப் பதிந்தது. ஒரு ஃபிளாப்பிக்குள் அடங்க வேண்டுமென்று தரத்தைக் குறைத்திருந்ததால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கணினிகள் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கின்றன. கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் கணக்கு ஆசிரியையான மனைவிக்கு அது ஓர் அறிவிப்பு. தன் குரல் அறைக்குள்ளிருந்து கேட்டால் புதுக் கணினி தேறிவிட்டது, மனிதர் இனிச் சாப்பிட வருவார் என்று பொருள்.

கணினியாருக்குத் தொழில் ஒழுக்கம் ஒன்று உண்டு. திரையில் வரும் எந்தக் கேள்விக்கும் ‘ஆம்’ என்றே சொல்வார். வேண்டாம் என்று ஒதுங்குபவன் வாங்குபவன். எதிலும் இறங்கிப் பார்ப்பவனே மதிப்புரையாளன். அன்று ஒலிப்பதிவைத் திறந்ததும், குரலைத் தெளிவாக்கவா என்று மென்பொருள் கேட்டது. ஆம் என்றார். இந்தக் கோப்பு இருக்கும் எல்லா இடங்களிலும் மாற்றவா என்றது. ஆம். பழைய படிகளை அகற்றி இடத்தை மீட்கவா என்றது. அதற்கும் ஆம். சில விநாடிகளில், முப்பத்தேழு இடையூறுகள் நீக்கப்பட்டன என்று திரை அறிவித்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு ஒலிக்கவிட்டார். கிணறு மறைந்துவிட்டது. மனைவி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தாள். ஒவ்வொரு மெய்யெழுத்தும் துலக்கிய பாத்திரம் போலிருந்தது. ‘குறை:’ என்று தட்டச்சிட்டு, இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, அதன் பக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். மறுநாள் நண்பகலுக்குள் மதிப்புரை இதழுக்குப் போக வேண்டும்.

மனைவி சிவப்புப் பேனாவோடு வாசலில் வந்து நின்றாள்.

“யாருங்க வாசிக்கிறது?”

“நீதான். வேற யாரு?”

“நான் இல்ல.”

“உன் குரல் உனக்கே தெரியலையா? இப்பத்தான் ஒழுங்காவே கேக்குது.”

“குரல் என்னுதுதான். இவ்ளோ ஒழுங்கா நான் எப்ப வாசிச்சேன்? நடுவுல தம்பி கிண்டல் பண்ணுவானே, அது எங்க? நான் சிரிச்சு அட்டையைக் கீழ போடுவேன். நீங்க ரெண்டு பேரையும் திட்டுவீங்க. அப்புறம் நீங்களும் சிரிப்பீங்க.” பேனா மூடியைத் திருகியபடி அவள் திரையைப் பார்த்தாள். “உங்க சிரிப்பு எங்கங்க?”

அவர் மறுபடி ஓடவிட்டார். ஐம்பதாவது விநாடியில் அப்போது தங்களோடு தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மைத்துனனின் குரல் வர வேண்டும். அந்த இடத்தில் சுத்தமான மௌனம் இருந்தது. ஐம்பத்தைந்தாவது விநாடியில் அவள் சிரிப்பு, அங்கேயும் மௌனம். அதன் பிறகு அவருடைய சிரிப்பு. அது எப்படி இருக்கும் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். பிடிபடவில்லை. நூற்று நாற்பது முறைக்கு மேல் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கியைத்தான் கேட்டிருக்கிறார். பிற்காலத்தில் குடும்பக் காணொளிகள் எத்தனையோ எடுத்தார்கள். அவற்றில் அவர் இல்லை. எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பின்னால் நின்று, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கைப்பேசியில் தேடினார். அலமாரியிலிருந்த சேமிப்பு வட்டை இணைத்தார்; இணைந்த நொடியே அதுவும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. இணையச் சேமிப்பகத்தைத் துழாவினார். எங்கும் அதே துலக்கிய குரல்; ஃபிளாப்பி எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. ஒரு கோப்புக்கு எங்கும் ஒரே படிதான் இருக்க வேண்டும், ஒன்றை மாற்றினால் எல்லாம் மாற வேண்டும், பழையதைச் சேர்த்து வைப்பது பாசமல்ல, தூசி என்று வாசகர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் தம் வீட்டில் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார்.

“தம்பிகிட்ட இருக்கலாம்” என்றாள் மனைவி.

அவர் சேமிப்பு வட்டைக் கழற்றினார். அந்த முதல் கணினியைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், மைத்துனன் ஸ்டிக்கர் வெட்டும் கடை தொடங்கியபோது, உள்ளிருந்ததையெல்லாம் முறைப்படி அழித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் கடைக்குப் போனவர், அது இன்னும் ஓடுவதைக் கண்டு அதிர்ந்து, படமெடுத்து வந்து, ‘அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய கணினி’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதினார். பெயரைச் சொல்லவில்லை. படத்தில் கடையின் பெயர்ப்பலகை தெளிவாக விழுந்திருந்தது. அதற்குப் பிறகு மைத்துனன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. அக்காதான் போய்வந்துகொண்டிருந்தாள்.

“அழிச்சுட்டுத்தானே குடுத்தேன்?”

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குப் போகலாம். ஒன்பதுக்கு முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம்.”

“அது என்ன கணக்கு?”

“என் கணக்கு” என்று சொல்லிவிட்டு அவள் விடைத்தாள்களிடம் திரும்பிப் போனாள். கணினியார் ‘இல்லை’ என்ற சொல்லை அழித்தார். ‘குறை:’ என்பதற்குப் பக்கத்தில் கர்சர் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவர்கள் போனபோது மைத்துனன் கடையின் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தான். நாற்பத்தொரு வயது, காதோரம் நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்தவன், பின்னால் நின்றவரைக் கண்டதும் கதவைப் பாதியில் பிடித்தபடி நின்றான்.

“வாங்க மாமா. மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்தீங்களா?”

“டேய்” என்றாள் அக்கா.

“கேக்கக் கூடாதா? மூணு வருஷம் கழிச்சு ஒரு பார்வையாளர் வந்திருக்காரு.”

கடைக்குள் ஸ்டிக்கர் சுருள்களின் பிளாஸ்டிக் மணம். சுவரெங்கும் வண்டி எண்கள், பள்ளிப் பெயர்கள், ‘இங்கே நிறுத்தாதீர்கள்’கள். மூலையில் பழுப்பேறிய பெட்டியும் குமிழ்த் திரையும். பெட்டியின் நெற்றியில் பொன்னிற எழுத்துகளில் ஒரு ஸ்டிக்கர்: ‘அரும்பொருள். தொடாதீர்.’ கணினியார் அதை இருமுறை படித்தார். எழுத்துகளின் இடைவெளி சீராக இருந்தது. ஒற்றுப் பிழையும் இல்லை.

மைத்துனன் குனிந்து பொத்தானை அழுத்தினான். ஒரு பீப் ஒலி. வட்டு கரகரத்தது, அடைத்த தொண்டையைச் செருமுவது போல விசிறி தொடங்கி, மெல்ல ஒரே சீராயிற்று.

“எழுந்திருக்க ரெண்டு நிமிஷம் ஆகும். நீங்க பத்திரிகையில போட்ட மாதிரி மூணு நிமிஷம் இல்ல.”

“புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே மாப்ள?” என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே நினைத்தார்.

மைத்துனன் சுவரோரமிருந்த வெட்டும் கருவியைத் தட்டிக்காட்டினான். அதிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு கம்பி பெட்டியின் முதுகுக்குப் போயிற்று. “இந்தக் கட்டர் பேசுறது இது ஒண்ணுகிட்டதான். புதுசு எதுலயும் இந்த வயரைச் சொருக இடமில்ல. புது கம்ப்யூட்டர் வாங்கினா புது கட்டர், புது கட்டருக்குப் புது சாஃப்ட்வேர், அதுக்கு மாசாமாசம் சந்தா. இது பாட்டுக்கு ஓடுது, ஒரு கோடு பிசகினதில்ல. நான் ஏன் மாத்தணும்?”

“இதை நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேட்டீங்களா? போட்டோ எடுத்தீங்க, போனீங்க.”

திரையில் ஒரு பட்டை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. வாழ்நாளெல்லாம் கணினிகள் எழுந்திருக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டவர் இன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“அந்தக் கட்டுரையில ஒரு தப்பு இருக்கு மாப்ள.”

“உங்க கட்டுரையிலயா? எழுத்துப் பிழையா?”

“இல்ல. கேக்காம எழுதிட்டேன்.”

மைத்துனன் கைத்துணியை எடுத்துத் தூசியே இல்லாத மேசையைத் துடைத்தான். அக்கா இருவரையும் பார்க்காமல் குமிழ்த் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பட்டை நிறைந்து திரை வெளிறியது. கணினி விழித்ததற்கு அடையாளமாக வழக்கமாக ஓர் இசைத்துணுக்கு வரும். அது வரவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“இக்கருவியை ஈரமான இடத்திலோ, நேரடி வெயில் படும் இடத்திலோ வைக்காதீர்…”

கணினியார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். குரலுக்குப் பின்னால் விசிறி ஓடியது. அடுக்களையில் எதுவோ உருண்டு நின்றது. “அக்கா, ஸ்கூல் பிரேயர்ல நிக்கிற மாதிரியே வாசிக்கிற!” என்றது பத்தொன்பது வயதுக் குரல். அட்டை விழுந்தது. அவள் சிரித்தாள், ஒரு முறை அடக்கி, அடங்காமல் மறுபடி சிரித்தாள். “சும்மா இருங்க ரெண்டு பேரும், ரெக்கார்டு ஆகுதில்ல!” என்று ஓர் இளைஞன் கண்டித்தான். அந்தக் கண்டிப்பு முடிவதற்குள் உடைந்தது. மூக்கால் தொடங்கி, விக்கலைப் போல இரண்டு முறை தடுக்கி, கடைசியில் வாய்விட்டு வந்தது அந்தச் சிரிப்பு. இவ்வளவு அசட்டுச் சிரிப்பா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

“இதைக் குடுத்தப்பவே உங்க ஃபிளாப்பியிலிருந்து சுட்டு இதுல போட்டுட்டேன்” என்றான் மைத்துனன், துணியைப் பார்த்தபடி. “தினமும் கடை திறந்ததும் முதல்ல அக்காதான் பேசும். கஸ்டமருக்கெல்லாம் மனப்பாடம். ஈரமான இடத்துல வைக்காதீங்கன்னு அவங்களே சொல்லுவாங்க.”

“இவளுக்குத் தெரியுமா?”

“ஒன்பது மணிக்கு வரச் சொன்னது யாரு?” என்றாள் மனைவி.

ஒலிப்பதிவு முடிந்தது. ஆனால் அதற்குள் ஓடிக்கொண்டிருந்த விசிறி நிற்கவில்லை. சற்று நேரம் கழித்துத்தான், ஒலிப்பதிவில் கேட்டதும் அறைக்குள் கேட்பதும் ஒரே விசிறி என்பது அவருக்குப் புரிந்தது.

படியெடுக்க வழி இருக்கவில்லை. ஃபிளாப்பி நுழையும் வாய் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகியிருந்தது. பென் டிரைவ் சொருகும் துளையும் அதோடு செயலிழந்திருந்தது. திருகாணிகளைக் கழற்றி வட்டை வெளியே எடுத்தால் பத்து நிமிட வேலை. கணினியாரின் கை தானாகவே பெட்டியின் பக்கவாட்டுக்குப் போயிற்று.

“வேண்டாம் மாமா. திறந்தா திரும்ப எழுந்திரிக்குமோ என்னவோ. இன்னைக்குப் பதினாலு நம்பர் பிளேட் இருக்கு.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். “சரி. இன்னொரு தடவை அணைச்சுப் போடேன். போன்ல பதிஞ்சுக்கறேன்.”

மைத்துனன் பெட்டியை அணைத்து, பத்து எண்ணிவிட்டு, மறுபடி பொத்தானை அழுத்தினான். கணினியார் கைப்பேசியை ‘அரும்பொருள்’ மேல் சாய்த்து வைத்துச் சிவப்புப் பொத்தானைத் தொட்டார். பின்னணி இரைச்சலை நீக்கவா என்று கைப்பேசி கேட்டது. விரல் பழக்கத்தில் வலப்பக்கம் நகர்ந்தது. பாதி வழியில் நின்றது. திரும்பி வந்து ‘வேண்டாம்’ என்பதை அழுத்தியது. விநாடிகள் ஓடத் தொடங்கின. வட்டு கரகரத்தது. விசிறி செருமியது. மூவரும் மூச்சடக்கி நின்றார்கள்.

“அண்ணே, கடை திறந்தாச்சா?” என்று வெளியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. மைத்துனன் துணியால் வாயைப் பொத்திக்கொண்டான். பட்டை இன்னும் பாதிகூட நிறையவில்லை. சும்மா இருங்க ரெண்டு பேரும் என்று சொல்லக் கணினியார் வாயைத் திறந்தார். மூக்கில் ஏதோ குறுகுறுத்தது.