அறுபத்திரண்டாவது பதிவு

ஆறு கோரா, எட்டு கோரா என்று முடிவெடுக்க எனக்கு இருபத்திரண்டு நாட்கள் ஆயின.

என் மனைவி ஹம்சாவின் கம்ப்யூட்டரில் இருந்தது நாலு கோர் ப்ராசஸர். கேம் மட்டும் ஓடினால் சமாளிக்கும். நான் அதற்கு இரண்டு வேலை கொடுத்தேன். ஒரு திரையில் கேம். பக்கத்துத் திரையில், அதே கேமை ஹம்சா விளையாடிய பதிவு. அவள் விளையாடும்போது பேசிக்கொண்டே இருப்பாள். திரையையும் குரலையும் சேர்த்துப் பதிவு செய்வாள், யூட்யூபில் போடுவதற்கு. ஒன்றைக்கூடப் போடவில்லை. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று.

அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. கேமில் அவள் போன வழியிலேயே நானும் குதிரையை ஓட்டிக்கொண்டு போகிறேன். அவள் இடது என்றால் இடது. பாலத்தில் ஏறாதே என்றால் ஏறுவதில்லை. ஒன்றை முடிக்காமல் அடுத்ததைக் கேட்பதில்லை. அறுபத்தொன்றுவரை வந்திருக்கிறேன்.

கேமில் ஊர் ஏதாவது வந்தால் நாலு கோரும் நூறு சதவீதத்தைத் தொட்டுவிடும். அவள் குரல் துண்டு துண்டாகும். திருப்பிப் போட்டால் வேறு இடத்தில் உடையும்.

சனிக்கிழமை காலை லாலாகுடாவிலிருந்து கம்ப்யூட்டர் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பார்க் லேன் போனேன். இரண்டாம் மாடிக் கடை. கடையை நடத்தும் சபீனா என் வயதுக்காரி. ஆம்பூர்க் குடும்பம், பிறந்தது செகந்திராபாத்தில். நான் கொண்டுபோன நாலு பக்கக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணா, ப்ராசஸர் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? என்ன ஓட்டுவீங்க?"

"கேம். பக்கத்துல ஒரு வீடியோ."

"ஸ்ட்ரீமிங் பண்றீங்களா?"

"இல்லை."

"எடிட்டிங்?"

"இல்லை."

"அப்ப எட்டு கைக்கு, எதுக்கு? ஆறே ஜாஸ்தி."

"எட்டே போடுங்க."

"ஹவ், சரி, உங்க இஷ்டம். பேக்கப் எடுத்தாச்சா?"

"ஆமாம்."

எடுக்கவில்லை. டிஸ்க்கைத் தொடப் போவதில்லையே, ப்ராசஸரைத்தானே மாற்றுகிறோம் என்று நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. ஏழு மாதமாக எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்றே சொல்லிப் பழகிவிட்டது. சாப்பிட்டாயா, தூங்கினாயா. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி வராது.

ப்ராசஸரின் மேலிருந்த ஃபேனை சபீனா திருகி இழுத்தாள். நடுவில் பூசியிருந்த பசை காய்ந்து இறுகியிருந்ததால், ஃபேனோடு பழைய ப்ராசஸரும் பிய்த்துக்கொண்டு வந்தது.

"ஓரத்துல பின் வளைஞ்சிடுச்சு. பழசுதானே, பரவால்லையா?"

"ஆமாம்."

அதைக் கழற்றி மேசை ஓரத்து பிஸ்கட் டப்பாவில் போட்டாள். புதியதை வைத்தாள், பசை பூசினாள், ஃபேனை மாட்டி ஸ்விட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆறேழு வரிகள் வந்தன. படித்தவளின் விரல் கீபோர்டுக்கு மேல் நின்றது.

"டிஸ்க் பூட்டியிருக்கு அண்ணா. பழைய ப்ராசஸர் இருந்தாதான் அந்தப் பூட்டு திறக்கும். இப்ப ஒய் கீயை அடிச்சா பழைய சாவி அழிஞ்சிடும். அப்புறம் நாப்பத்தெட்டு இலக்க நம்பர் ஒண்ணு கேக்கும். பேக்கப்தான் இருக்கே, அடிச்சிடவா?"

"அடிக்காதீங்க. பேக்கப் இல்லை."

"இருக்குன்னீங்க?"

"இல்லை."

அவள் கையை எடுத்தாள். "அப்ப அந்த நம்பர்?"

அந்த நம்பர் ஹம்சாவின் ஈமெயில் கணக்கில் இருக்கும். பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. மாற்ற வேண்டுமென்றால் அவள் மொபைலுக்கு ஓடிபி போகும். அந்த எண்ணுக்கு நான் ரீசார்ஜ் செய்யவில்லை. இப்போது அது யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. அழைத்தேன். எடுத்தவர் தெலுங்கில் பேசினார். இது என் மனைவியின் எண், அவள் இறந்துவிட்டாள், இப்போது ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

"நின்ன ஒகடு பேங்க் அன்னாடு. ஈரோஜு நுவ்வு பெள்ளாம் அண்டுன்னாவ்," என்றார். நேற்று ஒருவன் பேங்க் என்றானாம், இன்று நான் மனைவி என்கிறேனாம். வைத்துவிட்டார். மறுபடி அழைத்தால் மணி அடிக்கவில்லை.

சபீனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டிஸ்க்ல என்ன இருக்கு?"

"அவ குரல்."

சபீனா பிஸ்கட் டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். ஏழெட்டு ப்ராசஸர்கள், எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றில் மட்டும் பசை துடைக்கப்படாமல் இருந்தது. அதைத் திருப்பி விளக்கடியில் பிடித்தாள். அடியில் ஆயிரத்துக்கு மேல் பின்கள், தலைமுடி கனத்தில். மூலையில் மூன்று சாய்ந்திருந்தன. நாலாவது முழுக்கப் படுத்திருந்தது.

"ஒருதரம் நிமிர்த்தலாம். ரெண்டாம் தரம் ஒடியும். கீழ ஸ்டேஷனரில லெட் பென்சில் வாங்கிட்டு வாங்க. பாயின்ட் ஏழு. பாயின்ட் அஞ்சு நக்கோ, வேணாம்."

ஓடினேன். பாயின்ட் ஐந்துதான் இருந்தது. அடுத்த கடையிலும் அதுதான். தெரு முனையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் தன் பையிலிருந்த பென்சிலைக் கொடுத்தார்.

சபீனா லெட்டை எடுத்துவிட்டு, வெறும் முனைக்குள் முதல் பின்னை விட்டு மெல்ல நிமிர்த்தினாள். பிறகு இரண்டாவது. மூன்றாவது. நாலாவதை ஊசியால் கொஞ்சம் தூக்கிவிட்டுத்தான் பென்சிலுக்குள் விட முடிந்தது. நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்து மவுஸ் விலை கேட்டார். "போய்ட்டு அப்புறம் வாங்க," என்றாள் நிமிராமல்.

புதிய ப்ராசஸரை எடுத்துவிட்டுப் பழையதைச் சாக்கெட்டில் வைத்தாள். இறங்கவில்லை. எடுத்துப் பார்த்தாள், நாலாவது பின்னை ஒரு மயிரிழை தள்ளினாள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கீபோர்டு விளம்பரத்தைப் படித்தேன். நாலு தடவை.

"இறங்கிடுச்சு."

ஸ்விட்ச். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. அரை நிமிடம். விண்டோஸ் வந்தது. நாலு இலக்க பின் நம்பர் எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் தடவை தப்பாக அடித்தேன்.

எல்லாம் வேறொரு டிஸ்க்குக்குக் காப்பியாக இரண்டு மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு கோப்பாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சபீனா டிஸ்க்கின் பூட்டை எடுத்துவிட்டாள். எண்ணினோம், நூற்று நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினோம்.

"இப்ப எட்டு கோரைப் போடவா?"

"போடுங்க."

மாட்டிய பின் இரண்டு திரைகளை இணைத்தாள். "காப்பியை ஓட்டிப் பாத்தாதான் காப்பி," என்று கடைசிக் கோப்பின்மேல் கர்சரைக் கொண்டுபோனாள்.

"அது வேண்டாம். அறுபத்திரண்டு போடுங்க. அதுக்கு மேல நான் இன்னும் கேக்கல."

என்னை ஒரு முறை பார்த்தாள். அறுபத்திரண்டைப் போட்டாள். இன்னொரு திரையில் நான் கேமைத் திறந்து ஊருக்குள் போனேன். சந்தை, கூட்டம், மழை. குரல் உடையவில்லை. ஹம்சா கடை ஸ்பீக்கரில் பேசினாள்.

"புதுக் குதிரை வாங்கியாச்சு. பேரு வெங்கி. எங்க வீட்டுக்காரர் பேரு. கூப்பிட்டா உடனே வந்து நிப்பாரு. எதுக்குக் கூப்பிட்டோம்னுதான் கடைசிவரைக்கும் புரியாது."

சபீனா பில் புத்தகத்தில் எழுதியிருந்த வெங்கடகிருஷ்ணன் என்ற என் பெயரைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாரி அண்ணா."

"பரவாயில்லை. அவ அதுக்குத்தான் சொல்லியிருக்கா."

பதிவு ஓடிய திரையில் ஹம்சாவின் குதிரை ஆற்றோரம் போய் நின்றது. சபீனா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தாண்டுமா?"

"எனக்கும் தெரியாது," என்றேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.