அஞ்செட்டி இருட்டு

2004ஆம் ஆண்டு தை மாதம் நஞ்சம்மாவின் சாமந்தி ஒரு மொட்டுகூட வைக்காமல் ஓட்டுவீட்டுக் கூரையைத் தாண்டியது. குருபரப்பள்ளிப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் அதை ஏதோ தோப்பு என்று நினைத்தார்கள். ஊர்க்காரர்கள் ஆட்டுக்கு வெட்டிப் போனார்கள். வெட்டிய இடத்தில் மறுநாளே முழம் வளர்ந்ததால் யாரும் கேட்டுக்கொண்டு வெட்டவில்லை.

முந்தின வருடம் பக்கத்து நிலத்தில் ஒரு கம்பெனி வந்திருந்தது. அதன் மதில்மேல் வரிசையாக விளக்குகள், மூன்று ஷிஃப்டுக்கும் எரிந்தன. அன்றிலிருந்து நஞ்சம்மாவின் அரை ஏக்கரில் ராத்திரி வரவில்லை. ராத்திரி வராத இடத்தில் எதுவும் முடிவுக்கு வராது என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. கோழி அடைகாத்த முட்டைகள் பொரியவும் இல்லை, கெடவும் இல்லை. உறை ஊற்றிய பால் பாலாகவே இருந்தது. கட்டிலில் கிடந்த அவள் புருஷன் திம்மராயனும் சாகவில்லை.

அவருக்குக் குடலில் புற்று. ஆடியைத் தாண்டமாட்டார் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடி போனது, தீபாவளி போனது, வலி மட்டும் செடியோடு சேர்ந்து வளர்ந்தது. “ராவு வந்தா போயிருவேன் நஞ்சு. வரமாட்டேங்குதே,” என்று கட்டில் கயிற்றைக் கடித்துக்கொண்டு அழுவார்.

அம்மன் கோபம் என்று நினைத்தாள் அவள். பூக்காத நிலத்துக்கு வரப்பைச் சுற்றி மாவிளக்கு வைப்பது அவள் வீட்டு வழக்கம். செவ்வாய்தோறும் வைத்தாள். வைக்க வைக்கச் செடி இன்னும் ஏறியது, திம்மராயன் இன்னும் கத்தினார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறாள் என்று பாவம் அவளுக்கு யார் சொல்வது?

நாற்று விற்க வந்த முனிவேல் சொன்னான். “மொதல்ல வெளக்க அணைங்கக்கா. சாமந்திக்கு ராவு நீளமா வேணும். வெளிச்சம் இருந்தா, இன்னும் வளர்ற காலம்தான்னு எலயா வுட்டுக்கிட்டே கெடக்கும். இருட்டு கூடினாத்தான் மொட்டு. பூத்துட்டா அதோட முடிஞ்சிது.”

கடைசி வார்த்தையைக் கேட்டதும் நஞ்சம்மா கட்டில் பக்கம் திரும்பவே பயந்தாள்.

கம்பெனி கேட்டில் கெஞ்சிப் பார்த்தாள். விளக்கை அணைத்தால் வேலை நின்றுவிடும் என்றார்கள். சரி, இருட்டு இருக்கிற இடத்துக்கே போவோம் என்று அஞ்செட்டிக்குப் போனாள். அங்கே காட்டோரம் வாக்கப்பட்டிருந்த தங்கை சாந்தம்மா, புளியமரத்தடியில் கெட்டியாகக் கிடந்த இருட்டை மொண்டு ஊற்ற, இவள் பித்தளைக் குடத்தில் வாங்கி ஈரத்துணியால் வாயைக் கட்டிக்கொண்டாள். காலை பஸ்ஸில் கண்டக்டர் குடத்துக்கு லக்கேஜ் போட்டார். வழியில் கொஞ்சம் சிந்தியதில் பின்சீட்டுக்காரர்கள் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டியும் தூங்கினார்கள்.

கொண்டுவந்த குடத்தை அடுப்படியில் வைத்தவள் திறக்கவில்லை. திறந்தால் அவர் போய்விடுவார். அவளுக்கு அவர் வேண்டும், கத்திக்கொண்டாவது வேண்டும். இப்படி ஒரு பாவி உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுப்பை ஊதினாள்.

“கொடத்துல என்னா?” என்று ஒருநாள் கேட்டார்.

“தண்ணிங்க.”

“தண்ணி இருக்கிற பக்கம் திரும்புனா எனக்குக் கண்ணு சொக்குதே.” குடத்தைப் பார்த்துப் புரண்டு படுத்தார். “ஊத்து நஞ்சு.”

ஊற்றினாள். கட்டிலைச் சுற்றிப் பாதி, செடிகளின் வேரில் மீதி. கம்பெனி வெளிச்சம் வரப்போடு நின்றுவிட்டது. அன்று திம்மராயன் தூங்கினார். மறுநாள் பாலும் உறைந்தது. வாரங்கள் போக, கூரைக்கு மேலே மொட்டுகள் வந்தன. அவள் விழித்ததும் முதலில் அவர் மூச்சைக் கேட்பாள், பிறகுதான் மொட்டைப் பார்ப்பாள். கோழிக்குஞ்சுகள் பொரிந்து கட்டிலடியில் ஓடின. எல்லாம் மஞ்சளாக விரிந்த காலையில் அவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, “நல்லா வந்திருக்குது,” என்றார். அதோடு சரி.

ஏணி வைத்துப் பறித்தார்கள். ஒரு பூவும் மண்டிக்குப் போகவில்லை. பாடையில் போட்டு மூடியதில் அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நஞ்சம்மாவின் சாமந்தி இடுப்பளவே வளர்ந்து வருடா வருடம் பூத்தது. அந்த அரை ஏக்கரில் மட்டும் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஷிஃப்ட் பஸ் டிரைவர்கள் அந்த இடத்தில் லைட்டைப் போடுவார்கள், தாண்டியதும் அணைப்பார்கள்.