அந்தப் பக்கம் பெட்டி, இந்தப் பக்கம் கால்

தையலம்மாளின் வலது பாதத்தில் ஆணி இருந்தது மடுகரை ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருந்தேன். அடுத்த வீட்டுக்காரி வேறெதற்கு இருக்கிறாள்?

பிள்ளைக்குக் காய்ச்சல் தெளிந்ததற்காக, திரௌபதி அம்மனுக்குத் தீமிதிப்பதாக அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். காப்பும் கட்டியாயிற்று. மறுநாளே, கைவைத்தியம் சொல்கிற ராமாயி பேச்சைக் கேட்டு ஆணியில் எருக்கம்பால் வைத்தாள். பாதம் பணியாரமாக உப்பிவிட்டது.

காப்புக் கட்டினவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆணி எடுக்கிற கம்பவுண்டர் சாமிக்கண்ணுவோ எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையில் இருந்தார். பெட்டியோடு எங்கள் பிரெஞ்சுக்காரன் பக்கம் வந்தால், திரும்புகையில் சுங்கக்காரன் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்ப்பான் என்று அவர் இங்கே வரவே மாட்டார்.

“நொண்டிக்கினு எறங்கி நடுக் குழியில நின்னுட்டா இன்னாடி ஆவும்? உன் ஓரகத்தி எறங்கட்டும்,” என்றாள் மாமியார் விருத்தாம்பாள். ஓரகத்தி கலியம்மாள் அதற்குள் புடவையை மஞ்சளில் நனைத்துக் கொடியில் போட்டிருந்தாள். நான் பார்த்தேன்.

“நேந்துக்கினது நானு. எறங்குறதும் நான்தான்,” என்ற தையலம்மாள், கம்பவுண்டருக்கு ஆள் அனுப்பினாள், எல்லைக்கல்லுக்கு வரச்சொல்லி.

மறுநாள் காலை கோலூன்றிப் போய்க் கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். புருஷன் தணிகைவேல் வெந்நீர்க் குண்டானோடு பின்னால். பாதி ஊர் அதற்கும் பின்னால். நான் முன்னால். கம்பவுண்டர் அந்தப் பக்கம் பெட்டியை வைத்தார். சுங்கக்காரனும் வந்து நின்றான்.

“கால இப்பிடி நீட்டும்மா.”

“கால் தாண்டுனா நானும் தாண்டுனாப்லதான், கம்பவுண்டரே. நீங்க கைய நீட்டுங்க.”

கம்பவுண்டர் சுங்கக்காரனைப் பார்த்தார். “பெட்டி இங்கியேதான் கீது. கைக்கு வரி உண்டாபா?”

“கத்தி?”

“கையோட போயி கையோட வந்துடும்.”

சுங்கக்காரன் பீடி பற்றவைக்க அந்தண்டை திரும்பிக்கொண்டான்.

வெந்நீரில் ஊறிய தோலை ஏடு ஏடாகச் சீவி, கடைசியில் அரிசிமணி போன்ற முளையை எடுத்தார். தையலம்மாள் முனகவில்லை. நான்தான் முனகினேன். களிம்பு தடவி, ஓட்டை போட்ட கம்பளித் துண்டு வைத்துக் கட்டினார்.

“தீமிதிக்குள்ள ஆறிடுமா?”

“ஈரத்துல கால் வைக்காம இருந்தா ஆறும்.”

இருந்தாள். அவள் பங்குத் தண்ணீரையும் கலியம்மாளே இறைத்தாள், முணுமுணுத்துக்கொண்டே. கம்பவுண்டர் ஒன்றுவிட்டொரு நாள் கல்லருகே வந்து கட்டு மாற்றினார்.

தீமிதியன்று நொண்டாமல், நிற்காமல், கரகத்தின் பின்னாலேயே நெருப்பில் நடந்து, அதன் முடிவில் கால் நனைக்கிற பால்குழியில் இறங்கினாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு நான் ஓடினேன். விருத்தாம்பாள் எனக்கும் முந்திவிட்டாள்.

“கால காட்டுடி.”

“ரெண்டு காலயும் ஊணிக்கினுதான நிக்கிறேன், தெரியல?” என்றாள் தையலம்மாள்.