காற்று வரும் வழி

இத்வல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவது சாவதற்குத்தான். அது அவனுக்கும் தெரியும், அவன் மகள் மென்னாவுக்கும் தெரியும். நுரையீரல் முழுக்கக் கரித்தூசி. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். முன்னறையில் கரி நெருப்பு எரிய வேண்டும்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய பிறகு என் தங்கை நெஸ்டா, அவன் மனைவி, கரி எரிக்கும் கணப்பைப் பலகையால் அடைத்து முன்னால் காஸ் ஹீட்டர் வைத்தாள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஹீட்டரைக் காஸ்காரன் கழற்றினான். பலகையைப் பெயர்த்தது நான்.

"அப்பாவைக் கொல்றதே கரிதான். அதையே அவர் மூஞ்சிக்கு முன்னாடி எரிக்கணுமா மாமா?"

"கேட்டது அவன்மா. நானில்ல."

"துளி புகை உள்ள வந்தாலும் ஆம்புலன்ஸை அப்படியே திருப்பி அனுப்பிடுவேன். சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரு வாய்ப் புகையை அவன் தாங்கமாட்டான்.

பலகைக்குப் பின்னால் புகைபோக்கி வழியே விழுந்த காக்கைக் கூட்டுச் சுள்ளி, மூட்டை மூட்டையாக. அள்ளிப் போட்டுவிட்டு, கம்போடு கம்பு முடுக்கித் துடைப்பத்தைப் புகைபோக்கிக்குள் ஏற்றினேன். மென்னா தெருவில் நின்று கூரையைப் பார்த்தாள்.

"வந்துடுச்சு மாமா! முள்ளம்பன்றி மாதிரி எட்டிப் பாக்குது!"

அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். கணப்பின் பின்சுவர் விரிசலில் நெருப்பு தாங்கும் சாந்தை அப்பிக் காயவிட்டேன்.

அவன் வருகிற அன்று காலை தெருவெல்லாம் உறைபனி. காகிதம், விறகுச் சிம்பு, மேலே கரி. பற்றவைத்து, புகையை மேலே இழுக்கும் காற்று பிடிக்கட்டும் என்று செய்தித்தாளை விரித்து கணப்பின் வாயை மூடிப் பிடித்தேன். தாள் நடுவில் பழுப்பேறியது. விலக்கியதும் புகை குபுக்கென்று அறைக்குள் புரண்டது. புகைக்குழாய் குளிர்ந்திருக்கிறது, சூடேறினால் சரியாகும் என்று இன்னும் கரியைக் கொட்டினேன். இன்னும் புகைந்தது.

"போதும் மாமா! நீங்க கிழிச்சது போதும்!" மென்னா இருமிக்கொண்டே ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.

புகை திரும்பியது. யாரோ கழுத்தைப் பிடித்து இழுத்ததுபோல் கணப்புக்குள் போய் மேலே ஏறியது. தீ உறுமியது.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உள்ளே வரும் காற்றுக்கு ஒரு வழி, வெளியே போகும் காற்றுக்கு ஒரு வழி. இரண்டும் இல்லாமல் சுரங்கத்தில் நாங்கள் ஒருத்தரும் இறங்கமாட்டோம். இங்கே புது பிளாஸ்டிக் ஜன்னல், கதவிடுக்கெல்லாம் நெஸ்டா ஒட்டிய ரப்பர். ஊசி நுழையாது. அதைக் கவனிக்காமல் ஆயுள் முழுக்கச் சுரங்கத்தில் கிடந்த நான் நெருப்பு மூட்டியிருக்கிறேன்.

மென்னா ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள். புகை தலையை நீட்டியது. திறந்தாள். போய்விட்டது.

அறை தெளிந்த பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் அவனை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மென்னா வாசலிலேயே மறித்தாள்.

"அப்பா, ஜன்னலைத் திறந்தா குளிர். மூடினா புகை. ரெண்டுமே உங்களுக்கு ஆகாது. நெருப்பை அணைச்சிடட்டுமா?"

அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "காத்துக்கு... வழி வைக்காமலா மூட்டினே, மச்சான்?"

"ஆமாடா."

"இவனை நம்பியா... நான் கீழ எறங்கினேன்?" சிரிக்கப் போனவன் இருமினான். நெடுநேரம். "அணைக்க வேணாம். கோட்டை எடும்மா. தொப்பியும்."

மென்னா கம்பளிக் கோட்டைப் போட்டுவிட்டாள், தொப்பியைக் காதுவரை இறக்கினாள். அவனைக் கணப்பருகே வைத்தோம். அவன் கைகளை நீட்டினான். காயத்துக்குள் கரித்தூள் புகுந்து நீலம் பாய்ந்த பழைய தழும்புகள் வெளிச்சத்தில் தெரிந்தன.

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து, ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். குளிர்காற்று முழுக்க அவள் முதுகில்.

"நெருப்பு தணியுது பாருங்க, மாமா," என்றாள். "கரி போடுங்க."